படம் விற்றலும் பெயரிடுதலும்

பண்டிதன் ஒருவனுக்குப் புகைப்பட வாணிகத்தைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று வாசகர் வினவலாம். அவ்வினா நேரியதே. யான் கமராவைக் கையாலெடுத்துப் படம் பிடித்தவனல்லன். முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் நிகண்டும் சொல்லிக் கொடுத்து வருபவன். ஆயினும், என் பழைய மாணவன் ஒருவன் பொருட்டு இத்தொழிலின் வாயிலிலே யானும் சிறிது காலம் நிற்க நேர்ந்தது. நின்றவிடத்துக் கண்டது யாதெனில், கண்ணுக்கும் கருவிக்கும் உரியதென்று பலராலும் எண்ணப்படும் இத்தொழில், உள்ளே புகுந்து பார்க்குமிடத்துச் சொல்லுக்கும் உரிமைக்கும் உரியதாய் இருக்கின்றது என்பதே. இதனைத் தொடங்க விரும்பும் இளைஞர்க்கும், அவர்க்கு வழிசொல்ல வேண்டிய ஆசிரியர்க்கும் பயன்படலாம் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

அம்மாணவன் எங்கள் கல்லூரியிலே பாலபண்டித வகுப்பு வரை கற்றவன். தந்தையை இளமையில் இழந்தமையாற் படிப்பை இடையிலே நிறுத்தி, நகரத்துப் புகைப்பட நிலையம் ஒன்றில் வேலைக்கமர்ந்தான். கலியாணப் படம் எடுப்பதும் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதும் அவன் தொழில். மாரி காலத்திற் கலியாணம் குறைவு, மார்கழியில் இல்லவேயில்லை. அம்மாதங்களில் அவன் வீட்டு அடுப்பும் சோர்ந்தே எரியும். இணையத்தின் வழியாகப் படங்களை உலகத்தார்க்கு விற்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, மற்றொருவர் பாவித்த கமரா ஒன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கினான். தான் எடுத்தவற்றுள் நல்லனவென்று கருதிய பத்துப் படங்களை வெளிநாட்டு முகவர் தாபனம் ஒன்றுக்கு அனுப்பினான். பத்தும் மறுக்கப்பட்டன. மறுத்தமைக்கு அத்தாபனத்தார் எழுதிய ஆங்கிலக் காரணங்களைக் கடதாசியில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான்.

"ஐயா, என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை" என்றான்.

இருவருமாக இருந்து வாசித்தோம். மூன்று படங்கள் கூர்மையின்றி மங்கியிருந்தன. இரண்டில் வணிகக் குறிகள் தெரிந்தன. ஒன்று வள்ளத்து இயந்திரத்தின் மேலிருந்த கொம்பனிப் பெயர், மற்றது கடைவாயிலிற் கட்டிய குளிர்பான விளம்பரம். இன்னும் இரண்டு, இவைபோன்ற படங்கள் எம்மிடம் மிகுதியாக உள என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய மூன்றுக்கும் ஒரே காரணம்: படத்தில் உள்ளவரின் சம்மதப் பத்திரம் இல்லை. அம்மூன்றனுள் ஒன்றே அவன் எடுத்தவற்றுள் தலைசிறந்தது. பனையோலையாற் கடகம் இழைக்கும் ஒரு மூதாட்டியின் முகம் அது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எதனை விற்கின்றோம்?

ஆங்கிலத்திலே "ஸ்டொக் போட்டோ" என்பர். கடையிலே சரக்கு இருப்பில் உள்ளவாறு, இன்னார்க்கென்று அல்லாது முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்ட படம் என்பது பொருள். இருப்புப் படம் என்று நாம் வழங்கலாம். பாடநூல் அச்சிடுவோர், விளம்பரஞ் செய்வோர், பத்திரிகை நடத்துவோர் ஆகியோர் தமக்கு வேண்டிய படத்துக்கென ஒருவரை அனுப்பிப் படமெடுப்பிப்பதினும், இருப்பிலே தேடி எடுத்தல் எளிதும் மலிவும் ஆகும்.

இங்கே முதலில் அறியற்பாலது ஒன்றுண்டு. விற்கப்படுவது படம் அன்று. படத்தைப் பயன்படுத்தும் உரிமம். கடகம் இழைத்து விற்பவரிடமிருந்து விற்ற கடகம் நீங்கிவிடும். படம் விற்றவரிடம் படம் இருந்தபடியே இருக்கும். அதனையே நாளை வேறொருவருக்கும், மறுநாள் பிறிதொருவருக்கும் விற்கலாம். தனியுரிமை கொடுத்து ஒப்பந்தஞ் செய்தாலன்றி, ஒரே படத்தைப் பல தாபனங்களிலே வைத்தலும் கூடும். "ரோயல்டி பிறீ" என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் வழங்குகின்றது. அது இலவசம் என்று மயங்குவார் பலர். ஒருமுறை பணங் கொடுத்தவர், ஒப்பந்த எல்லைக்குட்பட்டு, மீண்டும் மீண்டும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் கருத்து. ஆகவே, விற்றவர் தம் படம் எங்கே, எதன் மேல், எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் அறியார். இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னே நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே அடி.

இத்தொழில் வந்த வழி

இத்தொழில் இணையத்தோடு பிறந்ததன்று. 1920ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எச். ஆம்ஸ்ட்றோங் றொபேட்ஸ் என்பார் இருப்புப் படங்களுக்கென ஒரு தாபனம் தொடங்கினார். ஜேர்மனியில் நூலகராய் இருந்து, நாசியர் ஆட்சியில் வாழ வழியின்றி வெளியேறிய ஒற்றோ பெற்மன் என்பார், இரண்டு பெட்டி நிறையப் படங்களுடன் நியூ யோர்க் சேர்ந்து, 1936இல் தம் பெயரால் ஒரு படக் காப்பகம் நிறுவினார். நாட்டை இழந்தவர்க்குப் பெட்டிக்குள் இருந்த படங்களே முதலாயின. அக்காப்பகம் பின்னாளில் இலட்சக்கணக்கான படங்கள் உடையதாய் வளர்ந்து, 1995இல் பில் கேற்சுக்கு உரிய கோர்பிஸ் தாபனத்தின் கைக்குச் சென்றது.

அக்காலத்தில் முகவர் தாபனத்திற் படம் வைத்தல் தொழில் முதிர்ந்தவர்க்கே கூடும். அவ்வாயிலைத் திறந்தது இணையம். 2000ஆம் ஆண்டிலே கனடாவின் கல்கரி நகரில் புறூஸ் லிவிங்ஸ்ரன் என்பார் ஐஸ்டொக்போட்டோ என்ற தளத்தைத் தொடங்கினார். முதலிலே படங்களை ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்ளும் இடமாயிருந்த அது, சின்னாளிற் சில்லறை விலைக்கு விற்கும் சந்தையாயிற்று. 2003இல் நியூ யோர்க்கிலே ஜோன் ஓறிஞ்சர் என்பார், தாமே எடுத்த 30,000 படங்களை முதலாக வைத்து ஷட்டர்ஸ்டொக் தாபனத்தை நிறுவி, மாதச் சந்தா கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் முறையைப் பரப்பினார். 2006இல் ஐஸ்டொக்போட்டோவை ஐந்து கோடி டொலருக்குக் கெற்றி இமேஜஸ் வாங்கியது. 2015இன் தொடக்கத்தில் போட்டோலியா என்ற தாபனத்தை ஏறத்தாழ 80 கோடி டொலருக்கு வாங்கிய அடோப், அதே ஆண்டில் அடோப் ஸ்டொக் என்ற சந்தையைத் திறந்தது. 2025 ஜனவரியிற் கெற்றியும் ஷட்டர்ஸ்டொக்கும் ஒன்றாய் இணைய உடன்பட்டதாக அறிவித்தன.

இவ்வரலாற்றால் விளங்குவன இரண்டு. வாயில் அகன்றது, யாரும் புகலாம். வாயில் அகன்றமையால் விலை வீழ்ந்தது. முன்னர் நூற்றுக்கணக்கான டொலர் பெற்ற படம் ஒன்றிரண்டு டொலருக்கும், சந்தா முறையிலே சதக் கணக்குக்கும் இறங்கியது. என் மாணவன் முதலாவதைக் கேள்விப்பட்டு வந்தான். இரண்டாவதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முகம் யாருடையது?

இனிச் சம்மதப் பத்திரத்துக்கு வருவோம். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, புகைப்படமும் பதிப்புரிமை பெறும் ஆக்கமே. அதனை எடுத்தவரே அதன் ஆக்கியோர். ஆயினும் படத்தின் உரிமை வேறு. படத்திலுள்ள முகத்தின் உரிமை வேறு. விளம்பரத்துக்குப் பயன்படத்தக்க படமாயின், அடையாளங் காணத்தக்க ஒவ்வொருவரும் எழுத்தாற் சம்மதந் தருதல் வேண்டும் என்பது முகவர் தாபனங்களின் விதி. சிறுவராயிற் பெற்றோர் கையொப்பமிடுதல் வேண்டும். பிறர் வீடு, ஓவியம், சிற்பம், புதுமையான கட்டடம் ஆகியவற்றுக்கும் உரியவரது அனுமதி வேண்டப்படுதல் உண்டு. பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கத் தடையில்லை. இரவிலே ஒளிரும் கோபுரத்தை எடுத்து விற்கத் தடையுண்டு. அவ்விளக்கொளியின் அமைப்பு தனியொரு கலையாக்கமாகக் கருதப்படுதலின் என்க.

செய்திக்கும் கல்விக்கும் மாத்திரம் பயன்படுமாறு ஒதுக்கப்படும் படங்கள் வேறொரு வகை. திருவிழாக் கூட்டம், சந்தை, தேர்தல் முதலியவற்றின் படங்களுக்குச் சம்மதப் பத்திரம் வேண்டுவதில்லை. ஆனால் நிகழ்ந்த இடமும் நாளும் பிழையின்றிக் குறிக்கப்படல் வேண்டும். படத்தை மாற்றித் திருத்துதலும் ஆகாது. விளம்பரத்துக்கு அவற்றை விற்றலும் இயலாது. ஆதலின் வாங்குவோர் தொகை சிறிது.

மூதாட்டியின் படத்தை விளம்பரத்துக்கும் பயன்படும் படமாகவே விற்க என் மாணவன் விரும்பினான். சம்மதப் பத்திரத்திலே சாட்சி ஒருவரும் கையொப்பமிடுதல் வழக்கம். அவன் பத்திரத்தை என் மேசைமேல் விரித்து வைத்தான்.

"ஐயா, அந்த ஆச்சிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பெருவிரல் அடையாளத்தை நானே இட்டுவிடுவேன். சாட்சிக்கு ஐயா ஒரு கையொப்பம் வைத்தாற் போதும். கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு என்ன தெரியப் போகின்றது?"

அவன் தீயவன் அல்லன். தவணைப் பணம் இரண்டு மாதம் நிலுவையில் நின்றது. தங்கை பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படமோ எவரும் ஒருமுறை நின்று பார்க்கத் தக்கது. அவன் நிலையை எண்ணிப் பேனாவை யான் கையில் எடுத்தது உண்மை. அதனை மறைத்தால் இக்கட்டுரை எழுதுவதிற் பயனில்லை. எடுத்த பேனாவை வைத்துவிட்டு, "வா தம்பி, ஆச்சியிடமே போய்க் கேட்போம்" என்றேன்.

ஆச்சி முற்றத்து வேம்பின் கீழ் இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார். பத்திரத்தை யான் தமிழிற் பெயர்த்துச் சொன்னேன். சட்டத்துக்கு மாறாகாத எப்பயனுக்கும் படத்தைக் கொடுக்கலாம் என்றும், இழிவுபடுத்தும் வகையிற் பயன்படுத்தல் விலக்கப்பட்டுள்ளது என்றும் அதில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்த ஆச்சி என்னைப் பாராமல் அவனைப் பார்த்தே கேட்டார்:

"மோனை, என்ரை முகத்தை எந்தச் சாமானிலை ஒட்டுவாங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

அவன் விடை சொல்லவில்லை. என்னாலும் சொல்ல இயலவில்லை. மருந்துப் பெட்டியிலோ, காப்புறுதி விளம்பரத்திலோ, முதுமைத் துயரைப் பற்றிய அறிவித்தல் ஒன்றிலோ, யாமறிந்தது யாது? விற்றவர் அறியார் என்று மேலே கூறினேனன்றோ. அதனை நூலில் வாசித்து அறிந்தவன் யான். ஒரு கேள்வியிலே அறிந்துகொண்டவர் ஆச்சி.

"அப்ப முகம் வேண்டாம். கை வேலை செய்யிற கை. அதை எடு" என்றார்.

அன்று மாலை வெயில் சாயுமுன் அக்கைகளை அவன் எடுத்தான். அடையாளங் காண இயலாத கைகளுக்குப் பத்திரம் வேண்டுவதில்லை என்பது விதி. ஆயினும் உரியவர் மனமொப்பிக் கொடுத்த கைகள் அவை. அனுப்பிய படம் மறுக்கப்படவில்லை.

பெயரிடுதல்

இவ்விடத்தேதான் என் தொழிலும் அவன் தொழிலும் சந்தித்தன. கோடிக்கணக்கான படங்கள் கிடக்கும் களஞ்சியத்திலே வாங்குவோர் எவ்வாறு தேடுகின்றனர்? பெரும்பாலும் சொல்லால். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைப்பும், அதனோடு பல குறிச்சொற்களும் எழுதப்படல் வேண்டும். அடோப் ஸ்டொக் 49 சொல் வரையும், ஷட்டர்ஸ்டொக் 7 முதல் 50 சொல் வரையும் ஏற்கும். அடோப்பிலே வரிசையும் பொருளுடையது. முதற் பத்துச் சொற்களுக்கே வலிமை மிகுதி. சொல் பிழைத்தால் அப்படம் களஞ்சியத்துள் இருந்தும் இல்லாததே.

கைகளின் படத்துக்கு என் மாணவன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தவை, கை, கூடை, முதியவள், கிராமம், ஆசியா என்னும் பொருள்படும் ஐந்து சொற்கள். பிழையொன்றும் இல்லை, பயனும் இல்லை. கூடை என்று தேடுவார்க்கு எண்ணிறந்த கூடைகள் தோன்றும்; அவற்றின் அடியிலே எங்கள் கடகம் புதைந்துவிடும்.

"தம்பி, பொருளதிகாரத்திலே முதல், கரு, உரி என்று மூன்று படித்தாயே. நினைவிருக்கின்றதா?" என்றேன்.

அவன் சிரித்தான். "இருக்கின்றது, ஐயா. அது செய்யுளுக்கு அல்லவா?"

செய்யுளுக்கே ஆகுக. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஆகவே படம் எடுத்த இடம், நாடு, காலை மாலை, கோடை மாரி ஆகியவற்றை முதலில் எழுது. அந்நிலத்திலே காணப்படும் மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், கருவி முதலியன கருப்பொருள். ஆகவே பனை, குருத்தோலை, நார், கடகம், இழைத்தல், கைத்தொழில் ஆகியவற்றை அடுத்து எழுது. மக்கள் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். ஆகவே பொறுமை, தேர்ச்சி, முதுமை, மரபு, தற்சார்பு என்று இப்படம் உணர்த்துவனவற்றை இறுதியில் எழுது. முன்னோர் பாட்டை வகுக்கக் கண்ட முறையே, படத்தை வகுக்கவும் போதுமாயிருந்தது.

மூன்றாவதைத் தொடக்கத்தாரிற் பலர் விட்டுவிடுகின்றனர். வாங்குவோரோ பொருளை மாத்திரம் தேடுவதில்லை. நம்பிக்கை, தனிமை, கூட்டுறவு என்று உணர்வையும் தேடுகின்றனர். இதற்கு உலகறிந்த சான்று ஒன்று காட்டுவேன். 1996 ஜனவரியில், கலிபோணியாவின் சொனோமா மாவட்டத்திலே, சாள்ஸ் ஓறியர் என்னும் புகைப்படக்காரர் தாம் பின்னர் மணம்புரிந்த பெண்மணியைக் காணும் பொருட்டுக் காரிற் சென்றுகொண்டிருந்தார். நஷனல் ஜியோகிறபிக் சஞ்சிகைக்குப் பல்லாண்டு பணிபுரிந்தவர் அவர். மழை விட்ட வேளை. முந்திரிகைத் தோட்டமாயிருந்த குன்றொன்று, கொடிகளைப் பூச்சி அழித்தமையால் வெறும் புல் வளர்ந்து பச்சென்று நின்றது. காரை நிறுத்தி, மாமியா கமராவைப் பிலிம் சுருளுடன் முக்காலியில் நிறுத்திப் படமெடுத்தார். வெஸ்ற்லைற் என்ற முகவர் தாபனத்தின் இருப்பிற் சேர்ந்த அப்படம், 1998இல் அத்தாபனத்தோடு கோர்பிசின் கைக்கு மாறியது. 2000ஆம் ஆண்டிலே மைக்றோசொப்ற் அதன் முழு உரிமையையும் வாங்கி, 2001இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி என்ற கணினி இயக்கத்துக்கு முகப்புத் திரையாக்கியது. நீல வானும் பசுங்குன்றுமாகிய அத்திரையை நோக்கியே எம்முட் பலர் முதன்முதலிற் கணினி பழகினோம்.

அப்படத்துக்கு இருப்பிலே வைத்த பெயர் நாட்டுப்புறப் பசுங்குன்றுகள் என்னும் பொருள்படுவது. மைக்றோசொப்ற் அதனை நீக்கிப் "பிளிஸ்" என்று பெயரிட்டது. பேரின்பம் என்பது கருத்து. முன்னைய பெயர் நிலத்தையும் பொருளையும் சொல்லிற்று. பின்னைய பெயர் உரிப்பொருளைச் சொல்லிற்று. படத்தை எடுத்தவர் கண்டது குன்று. வாங்கியவர் வேண்டியது இன்பம். இவ்விரண்டையும் இணைத்தெழுத வல்லவரே குறிச்சொல் எழுத வல்லவர் என்க.

நிகண்டுப் பயிற்சியும் ஈண்டு உதவியது. ஒரு பொருளுக்குப் பல சொல்லும், ஒரு சொல்லுக்குப் பல பொருளும் உண்டென்பது நிகண்டு கற்றவர் அறிந்தது. ஆங்கிலத்திலே "பாம்" என்னும் ஒரே சொல் உள்ளங்கையையும் குறிக்கும். தென்னை, பனை முதலிய மரவினத்தையும் குறிக்கும். எங்கள் படத்திலோ இரண்டும் இருந்தன! அச்சொல்லைத் தனியே எழுதினால், கடற்கரைத் தென்னையைத் தேடி வருபவர்க்கு ஆச்சியின் கைகள் தோன்றும். அவர் சினந்து அப்பாற் செல்வர். ஆகவே பனைக்குரிய "பல்மைரா" என்னும் ஆங்கிலப் பெயரையும், "பொராசஸ் பிளாபெலிவர்" என்னும் தாவரநூற் பெயரையும் எழுதுவித்தேன். தாவரப் பாடநூல் எழுதுபவர் தேடுவது அப்பெயரையே. படத்தில் இல்லாதனவற்றுக்கும் சொல் அடுக்கிப் பலரை இழுக்க முயல்வார் உளர். அதனைத் தாபனங்கள் குற்றமாகக் கொள்கின்றன. மிகைபடக் கூறல் இங்கும் குற்றமே.

கூலி எவ்வளவு?

இனி, இளைஞர்க்கு மறைக்கலாகாத பகுதிக்கு வருகின்றேன். அடோப் ஸ்டொக் படத்துக்கு 33 வீதம் உரிமைப் பங்கு தருகின்றது. சந்தாக்காரர் ஒருமுறை எடுத்துக்கொண்டாற் பெரும்பாலும் 33 சதமளவே கிடைக்கும். ஷட்டர்ஸ்டொக் 2020 ஜூனிலே தன் முறையை மாற்றி, விற்பனைத் தொகைக்கேற்ப 15 முதல் 40 வீதம் வரை படிகள் வகுத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதலாந் தேதி யாவரும் அடிப்படிக்கே மீளுவர் என்றும் விதித்தது. பத்துச் சதம் என்பது அங்கே மிகக் குறைந்த கூலியாயிற்று. படம் அளிப்போர் பலர் அப்போது சினந்து தம் படங்களை மறைத்துவைத்துக் கண்டித்தனர்.

அடோப்பிலே 25 டொலர் சேர்ந்த பின்னரே பணம் பெறலாம். ஒன்றுக்கு 33 சதமாயின், 76 முறை விற்றால்தான் அத்தொகை சேரும். பத்துச் சதக் கூலியாயின் அதே தொகைக்கு 250 விற்பனை வேண்டும். இவ்வாய்பாட்டை யான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோல் அவனுக்கு எழுதிக் காட்டினேன். முகம் வாடினான், ஆனால் மறுநாளே புகைப்பட நிலைய வேலையை விட்டுவிடும் எண்ணத்தையும் விட்டுவிட்டான். இத்தொழில் வீட்டைத் தாங்கும் தூணன்று. நாளடைவிற் பலன் தரும் வடலி. வடலியை நட்டவுடன் பழத்துக்குக் காத்திருப்பார் இலர்.

இயந்திரம் வரையும் படம்

2022ஆம் ஆண்டு முதல் இத்தொழிலின் மேல் வேறொரு நிழலும் விழுந்துள்ளது. சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தானே ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அவ்வாறு ஆக்கிய படங்களைக் கெற்றி 2022 செப்டெம்பரில் விலக்கியது. அடோப் ஸ்டொக் அதே ஆண்டின் இறுதியில், அடையாளமிட்டுக் கூறவேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றது. 2023 மார்ச்சில் அடோப் வெளியிட்ட பயர்பிளை என்னும் கருவி, அடோப் ஸ்டொக்கிலுள்ள படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. படம் அளித்தவர்க்கு அதே ஆண்டு செப்டெம்பரில் ஒரு தொகை வழங்கப்பட்டது. அதாவது, தன்னை வெல்ல வரும் இயந்திரத்துக்குத் தன் படத்தையே பாடமாகக் கொடுத்தவன் நிலை படமெடுப்பவனுக்கு நேர்ந்தது.

அங்ஙனமாயின் புதியவர் இத்துறையிற் புகுதல் வீணோ எனின், முற்றும் வீணன்று என்பேன். மேசையருகே சிரித்திருக்கும் பெயரில்லாத மனிதரையும், கைகுலுக்கும் வணிகரையும் இயந்திரம் ஆக்கித் தரும். இன்ன ஊரிலே, இன்ன நாளிலே, இன்ன ஓலையால் இக்கடகம் இழைக்கப்பட்டது என்று சான்று கூற இயந்திரத்தால் ஆகாது. நிகழ்ந்ததற்குச் சான்றாய் நிற்கும் படத்தை, அதன் உண்மையான பெயரோடும் உரியவர் சம்மதத்தோடும் வைப்பவர்க்கு இடம் இன்னும் உண்டு. அவ்விடம் குறுகலானது என்பதையும் உடன் சொல்லிவைக்கின்றேன்.

தொடங்குவார்க்கு

தொடங்க விரும்பும் மாணவர்க்குச் சில சொல்லி அமைவேன். பதினெட்டு வயது நிரம்பியவரே கணக்குத் திறக்கலாம். அடையாள ஆவணம் வேண்டும். அமெரிக்கத் தாபனமாயின் டபிள்யூ-8பென் என்னும் வரிப் படிவத்தை நிரப்புதல் வேண்டும். நிரப்பாவிடில் அமெரிக்க விற்பனையில் 30 வீதம் வரியாகக் கழிக்கப்படலாம். வரி ஒப்பந்தம் உள்ள நாட்டவர்க்கு அது குறையும். பணம் எவ்வழியாக உங்கள் வங்கிக்கு வந்து சேரும் என்பதை முதற் படத்தை அனுப்புமுன்னரே விசாரித்தறிக.

விலையுயர்ந்த கமரா இன்றியமையாததன்று. அடோப்புக்குப் படம் நான்கு மெகாபிக்சலுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இக்காலத்து நல்ல கைத்தொலைபேசியும் அதனைத் தரும். அனுப்புமுன் கணினித் திரையில் முழு அளவுக்கு விரித்துக் கூர்மையைச் சோதிக்க. வணிகக் குறிகள் எங்கேனும் ஒளிந்திருக்கின்றனவா என்று மூலை முடுக்கெல்லாம் பார்க்க. ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்து அனுப்பாது, பத்துக் காட்சிகளை ஒவ்வொன்றாய் அனுப்புக. படத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாய் விடுக. விளம்பரஞ் செய்வோர் தம் எழுத்தை அங்கே பொறிப்பர். பண்டிகைப் படங்களைப் பண்டிகைக்குச் சில மாதம் முன்னரே சேர்க்க. பிறர் கூலி கொடுத்து எடுப்பித்த கலியாணப் படங்களை அவர் அறியாமல் விற்க எண்ணற்க. கையொப்பம் கேட்கக் கூசுகின்ற முகத்தை எடுக்கவுங் கூசுக.

என் மாணவனுக்கு முதற்றொகை சேர எட்டு மாதம் சென்றது. கைகளின் படமே அவற்றுட் பலமுறை விற்றது. வந்த பணத்திற் பாதியை எடுத்துக்கொண்டு அவன் ஆச்சியிடம் போனான். யானும் உடன் சென்றேன். ஆச்சி பணத்தை வாங்க மறுத்தார். பின்னர் உள்ளே போய்ப் பெரிய கடகம் ஒன்றை எடுத்து வந்து அவன் கையிற் கொடுத்து, அதன் விலையை மாத்திரம் எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவனிடமே நீட்டினார்.

அக்கடகத்தை அவன் எனக்குத் தந்துவிட்டான். மாணவர் விடைத்தாள்களை இப்போது அதிலேதான் வைத்திருக்கின்றேன். முதல், கரு, உரி பற்றிய வினாவுக்கு அவர்கள் எழுதும் விடைகளை முன்னையினும் சற்றுக் கவனமாகவே திருத்தி வருகின்றேன்.